எட்டு மணி இலை

முப்பத்திரண்டு வயது முடிவதற்குள் ரெங்கசாமி பதினொரு நோட்டுப் புத்தகங்களை எழுதி நிரப்பியிருந்தார். கதையில்லை, பாட்டில்லை, எல்லாம் எண்கள். தேதி, அன்றைக்கு வெயிலா மூட்டமா என்று ஒரு சொல், அதற்குப் பக்கத்தில் பத்தி பத்தியாக மில்லிகிராம் எடை. ரப்பர் இலை பகலில் எவ்வளவு கனக்கிறது, இருட்டில் எவ்வளவு இளைக்கிறது என்பதுதான் அத்தனை புத்தகத்துக்கும் விஷயம்.

கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளானில் மாட்டுவண்டி ஓட்டிய அவருடைய தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால், இலையை நிறுக்கவா உன்னை இங்கிலீஷ் படிக்க வைத்தேன் என்று கேட்டிருப்பார். கேட்டாலும் தவறில்லை. அந்த வண்டிக்காரர் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் ரெங்கசாமி. ஏழாம் வகுப்பு வரை படித்து, கிள்ளான் ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை எண்ணிக் குறிக்கும் வேலையில் சில வருஷம் இருந்தார். அங்கே அவருடைய எண்களின் அழகைப் பார்த்த யாரோ ஒருவர் சொல்லித்தான், 1924-இல் சுங்கை வே ஆய்வுத் தோட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். சில தோட்டக் கம்பெனிகள் சேர்ந்து பணம் போட்டு நடத்திய சின்ன இடம் அது. ரயில் நிலையத்திலிருந்து அரை மைல் நடை. நாற்பது ஏக்கர் ரப்பர் கன்றுகள், பலகை வீடு ஒன்றில் ஆய்வுக்கூடம், மூலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயம்.

1928-இல் டாக்டர் கிரான்ஷா என்ற துரை அங்கே வந்து சேர்ந்தார். இலை வெயிலை வாங்கி மாவு செய்கிறது. அந்த மாவு கொஞ்ச நேரம் இலையிலேயே தங்குகிறது. பிறகு கரைந்து தண்டுக்கும் வேருக்கும் இறங்குகிறது. எப்போது இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது? அது தெரிந்தால் மரம் எந்த நேரத்தில் பாலை மிகுதியாக விடும் என்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கும் என்று துரை நினைத்தார். அதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசு ஒன்றைச் சீமையிலிருந்து கூடவே கொண்டுவந்திருந்தார். ஈ உட்கார்ந்தாலும் முள் நகரும் தராசு. மூன்று மாதத்தில் அந்தத் தராசு ரெங்கசாமி கைக்குப் போய்விட்டது. துரை நிறுத்தால் கை நடுங்கும். ரெங்கசாமி நிறுக்கும்போது மூச்சைக்கூடப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத்தான் விடுவார்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கன்றில் நிற்கிற இலையின் ஒரு பாதியை நடு நரம்பை ஒட்டிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். மறுபாதி மரத்திலேயே நின்று அடுத்த வேளைக்கு அறுபடும். எடுத்த பாதியில் பித்தளைக் குழலால் காசு அளவுக்கு வட்டங்கள் வெட்டி, ஐம்பது வட்டம் சேர்ந்ததும் இட்லி அவிக்கிற மாதிரி ஆவியில் காட்டிவிட வேண்டும். உயிர் போகாத இலை, பறித்த பிறகும் தான் சேர்த்த மாவைத் தானே தின்றுகொண்டிருக்கும். அதனால் அறுத்த கையோடு கொன்றுவிடுவது. பிறகு தட்டில் பரப்பிச் சூட்டுப் பெட்டியில் உலர்த்தி, மறுநாள் நிறுப்பது. விடியற்காலை நாலு மணி, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு எட்டு. வாரத்துக்கு மூன்று நாள்.

பகல் வேளையை ரெங்கசாமியே பார்த்துக்கொண்டார். அவர் குடியிருந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். மாலை ஐந்தரை ரயிலைப் பிடித்தாக வேண்டும். துரையும் ஐந்து மணிக்கெல்லாம் மோட்டாரில் கோலாலம்பூர் கிளப்புக்குப் போய்விடுவார். ஆகவே மற்ற மூன்று வேளையும் லயத்தில் இருந்த வீரம்மாவின் பொறுப்பு. நாற்பத்தைந்து வயதுக்காரி. புருஷன் பக்கிரிசாமி அதே தோட்டத்தில் புல் வெட்டினான். வீரம்மாவின் கை சுத்தமான கை என்று துரையே சொல்லியிருந்தார். அவள் வெட்டிய வட்டத்தில் ஒரு பிசிறு இருக்காது. காவல்காரர் யூனுஸ் தண்டவாளத் துண்டில் எட்டு அடிக்கும்போது அவள் தட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள். அவர் அதை வாங்கிச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துச் சீட்டில் ஒரு கோடு போடுவார். பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அந்தக் கோடு தவறியதில்லை.

அந்தப் பதினான்கு மாதக் கணக்கில்தான் துரைக்கு ஒரு புதுச் சங்கதி கிடைத்தது. மற்ற செடிகொடியெல்லாம் பொழுது சாய்ந்ததுமே இலை மாவைக் கீழே அனுப்பத் தொடங்கிவிடும். ரப்பர் கன்று அப்படிச் செய்யவில்லை. ஆறு மணிக்கு ஐம்பது வட்டம் இருநூற்று ஐம்பத்திரண்டு மில்லிகிராம் என்றால், எட்டு மணிக்கும் அதே இருநூற்று ஐம்பத்திரண்டு, அல்லது ஒன்றிரண்டு கூடக்குறைய. விடியற்காலையில் பார்த்தால் இருநூற்று முப்பது. அதாவது இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம் மரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. இதுவரை யாரும் சொல்லாத விஷயம். துரை இருபத்தாறு பக்கத்தில் கட்டுரை எழுதினார். தட்டச்சு செய்தவர் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஜெயராஜ். அட்டவணைகளைச் சரிபார்த்தவர் ரெங்கசாமி. 1932 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை அது லண்டனுக்குத் தபாலில் போயிற்று.

அந்தக் கட்டுரையை நம்பித்தான் அந்த இடத்தில் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தி, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆய்வுத் தோட்டத்தை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று மார்ச் மாதம் கம்பெனிக்காரர்கள் கூடித் தீர்மானிப்பதாக இருந்தது. பெயர் சொல்லும்படி ஒரு கண்டுபிடிப்பு இருந்தால் மூட மாட்டார்கள் என்பது துரையின் நம்பிக்கை. மூடினால் ரெங்கசாமி, ஜெயராஜ், யூனுஸ், லயத்தில் ஆறு பேர், ஆக ஒன்பது பேரின் சோறு. இதில் ஊருக்குப் போக வேண்டியவர்கள் லயத்து ஆட்கள்தான். வீரம்மா ஊரை விட்டு வந்து இருபத்தாறு வருஷம். அங்கே அவளுக்கு ஒரு சுவரும் கிடையாது.

கட்டுரை போன மறுநாள் வெள்ளிக்கிழமை. கிள்ளானிலிருந்து ரெங்கசாமியின் அக்காள் புருஷன் ஒரு கூடை நண்டு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். நண்டு ரசத்துக்கு ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டால்தான் ருசி. குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம் நின்றது. ரெங்கசாமி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பின்வாசலில் இறங்கிக் கிளையை வளைத்தார்.

அடுப்பங்கரையிலிருந்து மனைவி சீதாலெட்சுமி பார்த்துவிட்டாள். "ஏங்க, வெளக்கு வச்சாச்சு. எலையைத் தொடாதீங்க."

"ஒரு பிடிதானே."

"ஒரு பிடின்னாலும் தூங்குற மரம் தூங்குற மரந்தான். கீரை இல்லாம ரசம் குடிச்சா எறங்காதா?"

அவர் கிளையை விட்டார். இது அவருக்குத் தெரியாத சேதி அல்ல. விளக்கு வைத்த பிறகு இலை பறிக்கக் கூடாது என்பது அவர் பிறந்த வீட்டிலும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் எந்தத் தமிழ் வீட்டிலும் உண்டு. திரும்பி இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரத்தில் சுங்கை வேயில் யூனுஸ் தண்டவாளத்தில் இன்னும் எட்டு அடித்திருக்க மாட்டார். இன்றைக்கு வெள்ளி, இலை எடுக்கிற நாள். விளக்கு வைத்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வீரம்மா இன்றைக்குக் கன்றின் மேல் கை வைப்பாளா?

நண்டு ரசம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று சீதாலெட்சுமி பிறகு கேட்டபோது அவருக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை, ஆய்வுக்கூடத்தைத் திறக்குமுன் நேரே கன்றுப் பாத்திக்குப் போனார். வீரம்மா களை கொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ராத்திரி எட்டு மணி எலையை எத்தன மணிக்கு அறுக்கிறீங்க?"

"எட்டு மணி எலையா? ஆறு மணிக்குத்தான்." அவள் மண்வெட்டியை நிறுத்தவுமில்லை.

மறைக்கிற பேச்சாக இருந்தால் ரெங்கசாமி கோபப்பட்டிருப்பார். அவளோ அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"எட்டு மணி எலைன்னா எட்டு மணிக்கு அறுக்கணும்மா."

"வெளக்கு வச்ச பொறகு மரத்துல கத்தி வைக்கச் சொல்றீங்களா, கிராணித் தம்பி? தூங்குற புள்ள வாயிலேர்ந்து சோத்தப் புடுங்குற மாதிரி? நம்ம சனம் அதச் செய்யுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க கேக்கலையே. எட்டு மணிக்குத் தட்டு வேணும்னீங்க. குடுத்தேன். யூனுஸ் பாயைக் கேளுங்க, ஒரு நாள் தவறியிருக்கான்னு."

மற்றதையும் அவர் கேட்டு வாங்கினார். அவள் ஆறு மணிக்கு முழு இலையாகவே பறித்துக்கொள்வாள். நடுவில் பிளந்து, இடப்பக்கம் ஆறு மணித் தட்டு, வலப்பக்கம் எட்டு மணித் தட்டு. இரண்டுக்கும் ஒரே பானை, ஒரே ஆவி. இரண்டு தடவை விறகு எரிப்பானேன்? எட்டு மணித் தட்டைத் துணியால் மூடி வீட்டில் வைத்திருந்து, தண்டவாளம் அடித்ததும் கொண்டுபோய்க் கொடுப்பாள். விடியற்காலை நாலு மணி வேளை? அதைச் சரியாகத்தான் அறுத்திருக்கிறாள். பக்கத்துச் சீன வீட்டுச் சேவல் மூன்றரைக்கே கூவிவிடும். சேவல் கூவினால் பொழுது விடிந்த கணக்கு. அப்போது மரத்தைத் தொடலாம்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன் தம்பி, தொரை ஏதும் சொன்னாரா? கப்பல் லிஸ்ட்டுல எம் பேரு வந்துருமா?"

துரைக்கு இன்னும் தெரியாது என்றார் ரெங்கசாமி.

அன்று மாலை ரயிலில் ஜெயராஜிடம் சொன்னார். ஜெயராஜும் பிரிக்பீல்ட்ஸ்காரர்தான், இருவரும் ஏழெட்டு வருஷமாக ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போகிறவர்கள். ஜெயராஜ் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். இருபத்தாறு பக்கமும் தான் அடித்ததை நினைத்துச் சிரிப்பு நின்றது. லண்டனில் இருக்கிறவன் கப்பலேறி வந்து வீரம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறானா என்று கேட்டார். துரைக்கு நல்ல பெயர், நமக்குச் சம்பளம், மரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றார்.

"நீ ஒரு வாயத் தொறந்தா ஒம்பது வாய்க்குச் சோறு போயிடும். பேசாம இரு லா."

"எழுதினது என் கை, ஜெயராஜ்."

"அடிச்சது என் கை. நான் தூங்கலையா?"

அந்தப் பேச்சு பெட்டாலிங் ஸ்டேஷன் வரும்போதே முடிந்துவிட்டது. ரெங்கசாமி நல்லவர், நேர்மையானவர் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துரையிடம் சொன்னால் வீரம்மாவின் பெயர் வரும்; பெயர் வந்தால் கப்பல் வரும். சொல்லாவிட்டால், மரம் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்கிற பொய் அச்சில் ஏறும். ஜாவாவிலோ சிலோனிலோ யாராவது அதை நம்பி இன்னொரு கணக்கைத் தொடங்குவார்கள். அதன்மேல் இன்னொருவர். அடியில் இருப்பது வீரம்மா மூடி வைத்த தட்டு என்று யாருக்கும் தெரியாது.

முதலில் உண்மை என்னவென்று தெரிந்தாக வேண்டும் என்று முடிவு செய்தார். அடுத்த வாரம் மூன்று நாள் ஐந்தரை ரயிலை விட்டுவிட்டு இருந்து, எட்டு மணி இலையைத் தாமே அறுத்தார். யூனுஸ் விளக்குப் பிடித்தார். கத்தியை வைக்கும்போது கை கூசத்தான் செய்தது. ஏழாம் வகுப்பு ஆங்கிலம் அந்தக் கூச்சத்தைப் போக்கிவிடவில்லை. மறுநாள் தராசில் வைத்தால் இருநூற்று நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தைந்து. ஆறு மணியைவிட ஐந்து முதல் ஏழு மில்லிகிராம் குறைவு. அதாவது ரப்பர் மரமும் எல்லாச் செடியையும் போலத்தான். பொழுது சாய்ந்ததும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கண்டுபிடிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகங்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். தவறு எத்தனை நாளுக்கு, எவ்வளவு என்று துரையிடம் கணக்காகச் சொல்ல வேண்டும். சீதாலெட்சுமி ஆறு மணி எண்ணையும் எட்டு மணி எண்ணையும் வாசிக்க வாசிக்க, அவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். நூற்று எண்பத்து மூன்று நாள். பாதி வழியில் அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"என்னங்க இது, பூஜ்யம், ஒண்ணு, ஒண்ணு, பூஜ்யம், ரெண்டு. வேற எண்ணே வராதா?"

"வராது. ரெண்டும் ஒரே எலை, ஒரே நேரம்" என்று சொல்லிக்கொண்டே எழுதியவர் பேனாவைத் தூக்கினார்.

இரண்டும் ஒரே இலை, ஒரே நேரம். துரை வாங்கும் பத்திரிகைகளில் அவர் திரும்பத் திரும்ப வாசித்திருந்த ஒரு சண்டை இருந்தது. இலையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மறு பாதியோடு ஒப்பிடும் இந்த வழியே நம்பத் தகாதது, இலையின் இரு பாதியும் ஒரே கனம் என்பதற்கு என்ன சாட்சி என்று ஒரு கட்சி கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமானால் இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே ஆவியில் காட்டி, நூறு தடவைக்கு மேல் நிறுத்துப் பார்க்க வேண்டும். பலன் தெரியாத அந்த வேலையை மெனக்கெட்டு யார் செய்வார்கள்? வீரம்மா செய்திருந்தாள். வெயில் நாள், மழை நாள் பாராமல் நூற்று எண்பத்து மூன்று தடவை. வித்தியாசம் ஒரு நாளும் இரண்டு மில்லிகிராமைத் தாண்டவில்லை. எட்டு மணிப் பத்தியில் இருந்த எண்கள் பொய்யல்ல. தலைப்பு மட்டும்தான் தப்பு.

திங்கட்கிழமை துரையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். துரை தோட்டத்துத் தமிழ் பேசுவார். ஆட்களை அதட்டுவதற்காக வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தமிழ் அது. கோபமில்லாதபோதும் நீ, வா, போதான். ரெங்கசாமி நின்றுகொண்டே முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். முருங்கை மரத்தை மட்டும் விட்டுவிட்டார். துரை மூன்று நாள் எட்டு மணி எடையை வாங்கிப் பார்த்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். லண்டனுக்குப் போன தபால் எந்தக் கப்பலில் இருக்கும் என்று கணக்குப் போட்டார் போலிருக்கிறது. விரல்கள் சட்டத்தில் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"யார் அறுத்தது?"

வீரம்மா என்று துரைக்கே தெரியும். ஆனாலும் கேட்டார். ரெங்கசாமி அந்தக் கேள்விக்காக ரயிலில் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் மறந்துபோயின.

"எட்டு மணிக்குத் தட்டு வரணும்னு நான்தான் சொன்னேன் சார். எட்டு மணிக்கு அறுக்கிறாங்களான்னு ஒரு நாளும் நின்னு பாக்கல. தப்பு அங்கதான் இருக்கு."

துரை ஜன்னலை விட்டுத் திரும்பினார். "நான் கூட நிக்கலே" என்றார்.

மேசைக்கு வந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து எட்டு மணிப் பத்தியின் தலையில் குறுக்குக் கோடு போடப் போனார். ரெங்கசாமி அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைத் தாளை நோட்டின் மேல் வைத்தார். துரை பேனாவைப் பிடித்தபடியே படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. இது யார் போட்ட கணக்கு என்று கேட்டார். தாமும் தம் வீட்டுக்காரியும் என்றார் ரெங்கசாமி. பத்தியைக் கோடு போட்டு அடிக்காமல் தலைப்பை மட்டும் மாற்றினால் போதும் என்று தமக்குத் தோன்றுவதாகவும் சொன்னார். எட்டு என்பதை அடித்து, அதே சிவப்பு மையில் ஆறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார் துரை. அன்று பகலே தந்தி போயிற்று: கட்டுரையைப் போட வேண்டாம்.

இருபத்தாறு பக்கம் இருந்த இடத்தில் ஒன்பது பக்கம் வந்தது. மரம் தூங்குவதையோ விழிப்பதையோ பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இலையின் இரு பாதிகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மட்டும் சொன்னது. அதையும் ஜெயராஜ்தான் அடித்தார். அடிக்கும்போது, இந்த வருஷம் நான் அடித்ததிலேயே இதுதான் உப்புச் சப்பில்லாதது என்றார். ஆனால் அட்டவணையில் ஒரு எண் தப்பாக விழுந்ததற்கு ஒரு முழுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தார்.

ஒன்பது பக்கம் தோட்டத்தைக் காப்பாற்றவில்லை. மார்ச் கூட்டத்தில் அதை யாரும் புரட்டிப் பார்த்ததாகவும் தெரியவில்லை. ஜூன் முடிவோடு மூடுவது என்று தீர்மானமாயிற்று. இருபத்தாறு பக்கம் இருந்திருந்தால் மூடியிருக்க மாட்டார்களா? ஜெயராஜ் மூடியிருக்க மாட்டார்கள் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ரெங்கசாமிக்கு அது தெரியாது. பின்னால் அவர் கோலாலம்பூரில் வெள்ளீயத் தாதின் தரம் பார்க்கும் ஒரு கூடத்தில் நிறுப்பவராகச் சேர்ந்து, அங்கேயே வயதானார். துரை எழுதிக் கொடுத்த கடிதம் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. அங்கே எந்தத் தாதையும் அவர் இரண்டு பங்காக எடுத்து இரண்டு தடவை நிறுத்தார்.

கூட்டத்தின் முடிவை வீரம்மாவிடம் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருடையதாயிற்று. அன்று காலை கன்றுப் பாத்திக்கு நடந்தபோது, அவள் அழுதால் என்ன செய்வது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. அவள் அழவில்லை. ஜனவரியிலேயே, அவர் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போன அன்றைக்கே, இந்த இடம் இனி ஆகாது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பக்கிரிசாமியை அனுப்பி, சாலாக் செலாத்தானில் ஒரு சீனர் காய்கறித் தோட்டத்தில் இரண்டு பேருக்கும் சொல்லி வைத்திருந்தாள். கீரை பறிப்பு, கட்டுக் கட்டுதல். பாசார் சந்தைக்கு வண்டி போக வேண்டும் என்பதால் வேலை விடியலில்தான். கப்பல் லிஸ்ட்டில் அவர்கள் பெயர் வந்தது; அவர்கள் போகவில்லை.

"தொரை எம் பேரக் கேட்டாரா தம்பி?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"நான் நின்னு பாக்கல, அதுதான் தப்புன்னு சொன்னேன்."

வீரம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் தன்னைக் காத்தது அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் சொன்னதில் ஒரு பிசகு இருப்பதாக அவளுக்குப் பட்டது. அதை விட்டுவைக்க அவளால் முடியவில்லை.

"நின்னு பாத்திருந்தா மட்டும்? நீங்க தலைமாட்டுல நின்னாலும் நான் அறுத்திருக்க மாட்டேன்."

ஜூன் வரைக்கும் இன்னும் நாற்பது நாள் கணக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஆறு மணி இலையையும் விடியற்கால இலையையும் ரெங்கசாமி அவளிடமே விட்டார். எட்டு மணிக்கு, தண்டவாளம் அடித்ததும், யூனுஸின் விளக்கோடு அவரே கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.